மூட்டுவலி கேள்வி பதில்: படத்தை விட்டு முழங்காலைப் பார்ப்போம்

மன்னார்குடியில் எலும்பு, மூட்டு மருத்துவம் பார்க்கிறேன். இன்று மாலை முழுக்க உங்கள் கேள்விகளுக்குத்தான்.

நீடாமங்கலம்: அம்மாவுக்கு 58 வயது, நடவு வேலை. எக்ஸ்ரேயில் தேய்மானம் நாலாவது கிரேடாம். மூட்டை மாற்றியே ஆகணுமா?

இந்தக் கிரேடு 1957இல் கெல்கிரென், லாரன்ஸ் என்ற இருவர் வகுத்தது. எலும்புகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி மிச்சம், ஓரம் எவ்வளவு துருத்தியிருக்கிறது என்று பார்ப்பார்கள். வலி அந்தக் கணக்கில் இல்லை. நாலாவது கிரேடோடு சம்பா நடவுக்குப் போகிறவர்களும் உண்டு, இரண்டாவது கிரேடிலேயே படியேற முடியாதவர்களும் உண்டு. அம்மா ராத்திரி வலியில் விழித்துக்கொள்கிறாரா? கடைத்தெரு வரை நடக்கிறாரா? அதைச் சொல்லுங்கள்.

முதலில் மூன்று மாதம் தொடைப் பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நீட்டி, பத்து எண்ணி இறக்கணும். முழங்கால் சில்லுக்கு மேலே கை வைத்துப் பாருங்கள், சதை கல்லாக இறுகணும். இறுகாவிட்டால் பயிற்சி நடக்கவில்லை.

திருவாரூர்: மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எழுதியிருக்கிறார்கள். எப்போது போடுவது?

வாரத்துக்கு ஒரு நாள். தினமும் இல்லை! தினமும் போட்டுக்கொண்டு வாயெல்லாம் புண்ணாக, தண்ணீர்கூட விழுங்க முடியாமல் வந்த ஒரு பாட்டியைப் பார்த்திருக்கிறேன். ரத்த அணுக்கள் குறைந்து உயிரே போகலாம். காலண்டரில் கிழமையை வட்டம் போட்டு வையுங்கள்.

மயிலாடுதுறை: கடையில் கலந்து தரும் பொட்டலம் நன்றாகக் கேட்கிறது. தொடரலாமா?

வேண்டாம். பேர் தெரியாத அந்த மாத்திரைகளில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். மாதக்கணக்கில் போட்டால் இடுப்பு எலும்பின் பந்துக்கு ரத்தம் போகாமல் அது செத்துப்போகலாம்.

பாபநாசம்: கேமரா விட்டு மூட்டைச் சுத்தம் செய்வது தேய்மானத்துக்கு உதவாது என்று போன முறை எழுதினீர்கள். என் அப்பா செய்துகொண்டு நன்றாக நடக்கிறாரே?

அப்பா நடப்பதில் எனக்கும் சந்தோஷம். ஆனால் 2002இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் 180 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குத் தோலில் கீறல் மட்டும். உள்ளே எதுவும் செய்யவில்லை. இரண்டு வருடம் பார்த்ததில், நிஜமாகச் செய்துகொண்டவர்கள் அவர்களைவிட மேலாக இல்லை.

தஞ்சாவூர், ஓய்வு பெற்ற ஆசிரியர்: நோயாளியைக் கீறி ஏமாற்றுவது பாவமில்லையா?

ஏமாற்றவில்லை ஐயா. வெறும் கீறலாகவும் இருக்கலாம் என்று முன்கூட்டியே சொன்னார்கள், எழுதியும் வாங்கினார்கள். 324 பேரிடம் கேட்டதில் 144 பேர் மறுத்தே விட்டார்கள். அந்தச் சோதனை இல்லாவிட்டால் பலனில்லாத ஆபரேஷனுக்கு ஆயிரக்கணக்கானவர்கள் நிலத்தை அடகு வைத்திருப்பார்கள். எனக்கு அதுதான் பாவமாகப் படுகிறது.

பாபநாசம், மறுபடியும்: அப்போ அப்பாவுக்கு வலி குறைந்தது பொய்யா?

பொய்யே இல்லை. தேய்மான வலி ஏறும், இறங்கும். உச்சத்தில் இருக்கும்போதுதான் டாக்டரிடம் வருகிறோம்; அதன்பின் எது செய்தாலும் கொஞ்சம் இறங்கும். அதனால்தான் ஒப்பிட இன்னொரு கூட்டம் வேண்டியிருக்கிறது. கபடியில் முழங்கால் திருகி, மடக்கவோ நீட்டவோ முடியாமல் பூட்டிக்கொண்ட பையனின் கதை வேறு. அவனுக்குக் கேமரா ஆபரேஷன் தேவைப்படலாம்.

கும்பகோணம்: பி.ஆர்.பி. ஊசி?

உங்கள் ரத்தத்திலிருந்தே தட்டணுக்களைப் பிரித்து மூட்டுக்குள் போடும் ஊசி அது. ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் பார்த்து 2021இல் வெளியிட்டார்கள். ஒரு வருடத்தில் வலியில் உப்புநீர் ஊசியைவிட மேலாக இல்லை. காசை வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு பேர்: எம்.ஆர்.ஐ. படம் அனுப்பலாமா?

ஆளைத் தொட்டுப் பார்க்காமல் படத்துக்குப் பதில் சொல்ல மாட்டேன்.

வலங்கைமான்: பொட்டலத்தை வாரம் ஒன்று மட்டும்...

மேலே மயிலாடுதுறைக்கு எழுதியதைப் படியுங்கள். ரொம்ப நாளாகச் சாப்பிட்டிருந்தால் திடீரென்றும் நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் காட்டிக் குறைக்கணும்.

திருத்துறைப்பூண்டி: மகனுக்கு 6 வயது. நேற்றிலிருந்து காய்ச்சல், முழங்கால் வீங்கிச் சுடுகிறது, காலை ஊன்ற மாட்டேன் என்கிறான். எண்ணெய்க் கட்டுப் போடலாமா?

கட்டுப் போடாதீர்கள், உருவிவிடாதீர்கள். மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். சில நாளிலேயே குருத்தெலும்பை அரித்துவிடும். ஊசியால் நீரை எடுத்துப் பார்க்கணும். காலை வரை காத்திருக்காமல் இப்போதே திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரிக்குக் கிளம்புங்கள். மற்ற கேள்விகளை நாளை பார்க்கிறேன்.