கேளுங்க, சொல்றோம்: மேசன் லாட்ஜுக்குள்ளே என்னதான் நடக்குது?

கேள்வி: எங்க தறிக்கு நூல் கொடுக்கிற மில்காரர் ஒருத்தர் மேசன் லாட்ஜில மெம்பருங்க. உள்ளே என்ன பண்றீங்கன்னு கேட்டா சிரிச்சுட்டே போயிடறாரு. சேர்ந்தா பெரிய ஆளுங்க பழக்கம் கிடைக்கும், ஆர்டர் கொட்டும்ங்கறாங்க. நெசமாங்களா?
- ஒரு வாசகர், சோமனூர்

பதில்: மேசன் லாட்ஜ் என்பது ஃப்ரீமேசன்கள் என்ற ஆண்கள் சகோதரத்துவ அமைப்பின் கிளை. ஆர்டருக்காக என்றால் அந்தப் பக்கமே போகாதீங்க. சேரும்போதே 'ஆதாயம் தேடி வரவில்லை' என்று எல்லார் முன்னாலும் உறுதி சொல்ல வேண்டும், அப்புறம் உள்ளே போய் நூல் விலை பேசினால் யார் மதிப்பார்கள்?

ரகசியம் என்பதில் பாதி ஊரார் கட்டிவிட்டது. 1723-லேயே லண்டனில் சட்டதிட்டத்தை அச்சடித்து வெளியிட்டுவிட்டார்கள். வெளியே சொல்லக்கூடாதது சடங்கும், ஒருவரையொருவர் அடையாளம் காணும் கைகுலுக்கல், சைகை, சில சொற்களும்தான். அதையும் 1730-ல் ஒருத்தர் புத்தகமாகப் போட்டு உடைத்துவிட்டார்!

அமைப்பு பழைய கல்தச்சர் சங்கங்களைப் பார்த்து வந்தது. தொழில் பழகுபவர், தேர்ந்தவர், மாஸ்டர் மேசன் என்று மூன்று படி. லாட்ஜுக்கு ஒரு மாஸ்டர், வருஷா வருஷம் தேர்தல். அவருக்குக் கீழே இரண்டு வார்டன்கள், செயலாளர், பொருளாளர், கதவுக்கு வெளியே உருவிய வாளோடு காவலுக்கு ஒருவர். எல்லா லாட்ஜுகளுக்கும் மேலே தலைமை அமைப்பாக கிராண்ட் லாட்ஜ், இந்தியாவுக்கென்று தனியாக அமைந்தது 1961-ல்.

நோக்கம் என்னவென்று முதல் நாள் சடங்கிலேயே தெரிந்துவிடும். புதிதாக வருபவரின் கண்ணைக் கட்டி, மோதிரம், வாட்ச், பையிலிருக்கும் சில்லறை வரை வாங்கி வைத்துவிடுவார்கள். அப்புறம் அத்தனை பேர் நடுவில் நிறுத்தி, ஏழைகளுக்கு ஏதாவது கொடுங்கள் என்று கேட்பார்கள். கோடீஸ்வரராக இருந்தாலும் அந்த நேரத்தில் கையை விரித்துத்தான் ஆக வேண்டும், இல்லாதவன் வந்து நிற்கும்போது இதை நினைத்துக்கொள் என்பதுதான் பாடம். கோவை ரேஸ் கோர்ஸில் இருக்கிறதே மேசானிக் குழந்தைகள் மருத்துவமனை, அது இந்த வழியில் வந்ததுதான்.

கடவுள் நம்பிக்கை கட்டாயம், எந்தக் கடவுள் என்று கேட்க மாட்டார்கள். இங்கே கீதை, குர்ஆன், பைபிள் எல்லாம் ஒரே மேடையில் இருக்கும். லாட்ஜுக்குள் அரசியலும் மதச் சண்டையும் பேசக்கூடாது (நம்ம ஊர் ஆம்பளைங்களுக்கு இதுவே பெரிய விரதம்). பெண்களுக்கு மட்டும் இடமில்லை, இந்தக் காலத்திலும் இப்படியா என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, இதற்கப்புறமும் ஆசை இருந்தால் நீங்களாகத்தான் கேட்க வேண்டும், வாங்க என்று அவர்களாகக் கூப்பிடுவது வழக்கமில்லை. உங்களை நன்றாகத் தெரிந்த உறுப்பினர்கள் முன்மொழிந்து வழிமொழிய வேண்டும், பிறகு பெட்டியில் உருண்டை போட்டு ரகசிய வாக்கெடுப்பு. கறுப்பு உருண்டை விழுந்தால் கதை முடிந்தது, போட்டது யார் என்றும் தெரியாது. சந்தா, கூட்டம் முடிந்து விருந்து என்று செலவும் இருக்கும், வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்க.