காம்சாட்டில் 56: விண்ணப்பிப்பதா, மீண்டும் எழுதுவதா?

கேள்வி: களுவாஞ்சிகுடியைச் சேர்ந்த நான், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானப் பட்டத்தை இரண்டாம் வகுப்பு மேற்பிரிவில் முடித்துவிட்டு, மாலை வேளைகளில் டியூட்டரி ஒன்றில் உயர்தர உயிரியல் கற்பிக்கிறேன். வெளிநாட்டில் பட்டதாரிகளுக்கான மருத்துவப் படிப்பில் சேர்வதற்காக மார்ச் மாதம் காம்சாட் பரீட்சை எழுதினேன். முதலாம் பகுதியில் (ஆங்கில வாசிப்பு) 48, இரண்டாம் பகுதியில் (கட்டுரை) 55, மூன்றாம் பகுதியில் (விஞ்ஞானம்) 61, மொத்தம் 56 கிடைத்தது. மெல்பேர்ணில் இருக்கும் மாமா இது போதாது என்கிறார். கொழும்பு முகவர் ஒருவர் பரீட்சையே தேவையில்லை என்கிறார். எனக்குச் சீதனமாக வரவேண்டிய அம்மாவின் வளவை விற்கலாம் என்கிறார் அப்பா. நான் என்ன செய்வது?

பதில்: அவுஸ்திரேலியாவைப் பொறுத்தவரை உங்கள் மாமா சொல்வது சரிதான். ஆனால் தடையாக நிற்பது 56 அல்ல, 48. நம் பக்கத்தில் எல்லோருக்கும் பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி என்ற ஒற்றை இலக்கம் பழகிப்போய்விட்டதால், எந்தப் பெறுபேற்றுத் தாளைக் கண்டாலும் கண் நேராக மொத்தத்துக்குத்தான் போகிறது. காம்சாட் தாளை அப்படி வாசிக்கக்கூடாது.

முதலில் கணக்கைப் பாருங்கள். பரீட்சையை நடத்தும் அவுஸ்திரேலிய கல்வி ஆராய்ச்சி மன்றம் மூன்றாம் பகுதியை இரண்டு தடவை சேர்த்து நான்கால் வகுக்கிறது. 48, 55, 61, மீண்டும் 61 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 225; நான்கால் வகுத்தால் 56.25, அதாவது 56. விஞ்ஞானப் பட்டதாரியான உங்களுக்கு இந்த முறை ஏற்கெனவே சாதகமாகத்தான் இருந்திருக்கிறது. மூன்று பகுதிகளுக்கும் சம நிறை கொடுத்துச் சராசரி எடுத்தால் உங்கள் புள்ளி 55ஐக்கூட எட்டாது. இதைவிட முக்கியமானது, பல அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகங்கள் ஒவ்வொரு பகுதியிலும் ஆகக்குறைந்தது 50 கேட்கின்றன என்பதாகும். அந்தக் கதவு 48க்குத் திறக்காது. மூன்றாம் பகுதியில் 80 எடுத்திருந்தாலும் திறந்திருக்காது. ஆகவே அங்கே இந்த ஆண்டு விண்ணப்பக் கட்டணம் செலுத்துவது பணத்தை வாவியில் போடுவதற்குச் சமம்.

அயர்லாந்தின் நிலைமை வேறு. டப்ளின், கோர்க், லிமெரிக் ஆகிய நகரங்களிலுள்ள நிறுவனங்கள் பட்டதாரிகளுக்கென நான்காண்டு மருத்துவப் படிப்பை நடத்துகின்றன. அங்கே பகுதி வாரியான தடையைவிட மொத்தப் புள்ளிக்கே நிறை அதிகம். ஐரோப்பிய ஒன்றிய மாணவர்கள் மத்திய விண்ணப்ப அலுவலகம் வழியாகப் போட்டியிடுகிறார்கள். உங்களைப் போன்றவர்கள் பல்கலைக்கழகத்துக்கு நேரடியாக விண்ணப்பிக்க வேண்டும். ஐரோப்பிய மாணவர்களின் வெட்டுப்புள்ளியை இணையத்தில் பார்த்துவிட்டு அதை உங்களோடு ஒப்பிட்டு மகிழவும் வேண்டாம், மனம் உடையவும் வேண்டாம். அது வேறு வரிசை. உங்கள் பட்ட வகுப்பு அங்கே நன்றாகவே எடுபடும். கையிலுள்ள புள்ளியோடு இந்த ஆண்டு விண்ணப்பிக்க விரும்பினால் அயர்லாந்துக்கு மட்டும் விண்ணப்பியுங்கள். அதற்கு முன் சேர்க்கை அலுவலகத்துக்கு மூன்று பகுதிப் புள்ளிகளையும் எழுதி, தகுதி உண்டா என்று ஒரு மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.

அதே வேளையில் செப்டெம்பர் அமர்வுக்கும் பதிவு செய்யுங்கள். எத்தனை தடவை எழுதினாலும் தடையில்லை. பழைய பெறுபேறு அழிந்துபோவதுமில்லை. ஆனால் மார்ச் மாதத்து 61ஐயும் செப்டெம்பர் மாதத்து முதலாம் பகுதியையும் ஒட்டவைக்க முடியாது. ஒரே அமர்வின் மூன்று பகுதிகளும் சேர்ந்துதான் ஒரு பெறுபேறு. அதனால் மூன்றாம் பகுதியைக் கைவிட்டுவிடக் கூடாது. நீங்கள் மாலையில் உயிரியல் கற்பிப்பதே அதில் பெரும் பங்கைப் பார்த்துக்கொள்ளும் (உயிரியல் 40 சதவீதம், இரசாயனவியல் 40, பௌதிகவியல் 20). இரசாயனவியலுக்கு வாரத்தில் இரண்டு இரவுகள் போதும். மிச்ச நேரம் முழுவதையும் முதலாம் பகுதிக்குக் கொடுங்கள்.

முதலாம் பகுதியில் 100 நிமிடங்களில் 62 வினாக்கள், அதாவது ஒன்றுக்கு ஒன்றரை நிமிடத்துக்குச் சற்றே அதிகம். கதைப் பகுதி, கவிதை, கேலிச்சித்திரம், அட்டவணை என எதுவும் வரலாம். தமிழ்மொழி மூலம் படித்த நம் பிள்ளைகள் இதில் தடுமாறும்போது சொற்களஞ்சியம் போதவில்லை என்று நினைத்து அகராதியை மனனம் செய்யத் தொடங்குகிறார்கள். நான் பார்த்த வரையில் நோய் அதுவல்ல. கல்யாண வீட்டில் பந்தியிலிருந்து எழுந்து வரும் ஒரு பெரியவர், கையைத் துடைத்துக்கொண்டே, “சாப்பாடு பரவாயில்ல, உப்பு மட்டும் தாராளம்” என்று சொன்னால், அவர் மாப்பிள்ளை வீட்டாரைக் குத்துகிறாரா, சமையற்காரரையா, அல்லது வெறுமனே பகிடி விடுகிறாரா என்பது உங்களுக்கு உடனே புரிந்துவிடும். சொற்களின் பொருளோடு, யார், யாரிடம், எந்தத் தொனியில் சொன்னார் என்பதையும் சேர்த்துத்தான் அதை விளங்கிக்கொள்கிறீர்கள். முதலாம் பகுதி கேட்பது இதே திறமையைத்தான். மொழி மட்டும் ஆங்கிலம். உங்களிடம் அந்தத் திறமை இருக்கிறது. பாடப்புத்தகத்தை வாசிப்பதுபோலத் தகவலைத் தேடிக்கொண்டு ஆங்கிலத்தை வாசிப்பதால் அது வேலை செய்யாமல் போகிறது.

ஆகவே தினமும் ஆங்கிலப் பத்திரிகையின் ஒரு கருத்துக் கட்டுரையையோ ஒரு சிறு கவிதையையோ எடுத்து, அதை எழுதியவருக்கு அந்த விடயத்தின் மேல் இருப்பது கோபமா, ஏளனமா, இரக்கமா என்பதையும், எந்தச் சொல் அதைக் காட்டிக்கொடுத்தது என்பதையும் தமிழிலேயே இரண்டு வரியில் எழுதுங்கள். ஆம், தமிழிலேயே, விளங்கியதா என்று சோதிப்பதற்கு அதைவிட நேர்மையான வழி இல்லை. மாதிரி வினாத்தாளில் பிழையாக விடையளித்த ஒவ்வொரு வினாவுக்கும், நீங்கள் தெரிவு செய்த விடை உங்களை எப்படிக் கவர்ந்தது என்று குறித்து வையுங்கள். பெரும்பாலும் அந்த விடை உலக நடப்பில் உண்மையாகவே இருக்கும். ஆனால் அந்த வாசிப்புப் பந்தியில் சொல்லப்பட்டிருக்காது.

வேறு பரீட்சைக்குத் தாவலாமா என்றும் நீங்கள் யோசிக்கக்கூடும். பிரித்தானியாவின் யூகேட்டில் மொழி நியாயப் பகுதி 22 நிமிடங்களில் 44 வினாக்களைக் கொண்டது. அதாவது ஒரு வினாவுக்கு அரை நிமிடம். ஆங்கிலம் இரண்டாம் மொழியாக உள்ளவருக்கு அது காம்சாட்டைவிடக் கொடியது. ஆண்டுக்கு ஒரு தடவைதான் எழுதலாம். பட்டதாரிகளுக்கான பிரித்தானியக் குறுகிய படிப்புகளில் வெளிநாட்டவருக்கு இடமும் அரிது. அமெரிக்க எம்கேட்டை அயர்லாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் சில பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவரிடமிருந்து ஏற்கின்றன. அதன் நான்கு பகுதிகளில் ஒன்று மட்டுமே முழுக்க முழுக்க வாசிப்பு. ஆயினும் உயிர் இரசாயனமும் உளவியலும் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கும், பரீட்சை நாள் ஏறத்தாழ ஏழரை மணித்தியாலம் நீளும், எழுதும் தடவைகளுக்கும் வரையறை உண்டு. செப்டெம்பரிலும் முதலாம் பகுதி 50ஐத் தாண்டாவிட்டால் அப்போது அதைப் பார்க்கலாம், இப்போது வேண்டாம்.

குறைந்த புள்ளிக்கான விளக்கத்தைச் சுயவிளக்கக் கடிதத்தில் எழுதாதீர்கள். அந்தக் கடிதத்தில் இடம் கொஞ்சம். அது மன்னிப்புக் கேட்கும் இடமுமல்ல.

முகவர் விடயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நுழைவுப் பரீட்சை இல்லாத மருத்துவப் படிப்புகள் உலகில் உண்டு. அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் படித்து முடித்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ கல்முனையிலோ வேலை செய்ய நினைத்தால், அந்தப் பல்கலைக்கழகம் இலங்கை மருத்துவ சபையின் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான பதிவுப் பரீட்சையிலும் நீங்கள் சித்தியடைய வேண்டும். உங்கள் உயர்தரப் பெறுபேறும் நான்காண்டுப் படிப்பின் காலமும் சபைக்கு ஏற்புடையவையா என்பதை, அயர்லாந்து உட்பட எந்த நாட்டைத் தெரிவு செய்தாலும், சபையிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். முகவரின் வாய்ச்சொல் அதற்கு ஈடாகாது.

வளவைப் பற்றி அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: அவுஸ்திரேலியாவில் வெளிநாட்டு மருத்துவ மாணவரிடம் ஆண்டுக்கு 80,000 அவுஸ்திரேலிய டொலருக்கு மேல் வாங்கும் பல்கலைக்கழகங்கள் உள்ளன; அயர்லாந்திலும் கட்டணம் சிறிதல்ல, அதை நான்கால் பெருக்க வேண்டும். ஒரு வளவை விற்று முதலாம் ஆண்டைக் கட்டிவிட்டு, இரண்டாம் ஆண்டுக்கு யாரிடம் கேட்பது என்று நிற்கக்கூடாது. நான்கு ஆண்டுக்குமான பணம் எங்கிருந்து வரும் என்று மாமாவும் அப்பாவும் தாளில் எழுதிப் பார்க்கட்டும். பல்கலைக்கழகத்தின் அனுமதிக் கடிதம் கைக்கு வரும்வரை காணி உறுதியைப் பெட்டகத்திலிருந்து எடுக்கவே வேண்டாம். இப்போதைக்கு உங்களுக்கு இருக்கும் செலவு செப்டெம்பர் பரீட்சைக் கட்டணமும், மையம் வெளிநாட்டில் என்றால் விமானச் சீட்டும்தான்.