ரவுண்ட் தீவு போவா: கேட்டீர்கள், சொல்கிறேன்

மொரீஷியஸ் பக்கத்து ரவுண்ட் தீவில் வாழும் போவா என்ற பாம்பைப் பற்றிக் கேள்விகள் நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறேன்.

அண்ணா, இது எங்கே இருக்கிறது? விஷம் உண்டா?

மொரீஷியஸுக்கு வடக்கே சுமார் 22 கிலோமீட்டர் தள்ளி, கடலில் நிற்கும் எரிமலைப் பாறைத் தீவு அது. விஷம் கிடையாது. பல்லி, அரணை பிடித்துத் தின்னும் இரவுப் பாம்பு. நன்றாக வளர்ந்தால் ஒன்றரை மீட்டர் வரும். ஒவ்வொரு செதிலின் நடுவிலும் வரம்பு ஓடுவதால் தொட்டால் சொரசொரப்பாக இருக்கும்.

மேல்தாடை இரண்டு துண்டு என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். இந்தப் பாம்பின் விசேஷமே அதுதான். மேல்தாடை எலும்பு ஒவ்வொரு பக்கமும் முன்துண்டு, பின்துண்டு என்று பிரிந்து, நடுவில் கீல் வைத்ததுபோல் மடங்கும். இந்தக் குடும்பத்தைத் தவிர வேறு எந்த முதுகெலும்புள்ள பிராணிக்கும் இப்படிக் கிடையாது. அரணையைக் கையில் பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உடம்பு உருண்டை, செதில் வழவழப்பு, பிடி நிற்காது. முன்தாடை வளைந்து அந்த உருண்டை உடம்பைச் சுற்றிக் கவ்வினால் இரை நழுவாது. அதற்காகவே இப்படி அமைந்தது என்பதுதான் பரவலான விளக்கம்; எனக்கும் அது சரியாகவே படுகிறது.

அப்போ இது மலைப்பாம்பு வகையா சார்? குட்டி போடுமா?

இல்லை, தனிக் குடும்பம். பெயரில்தான் போவா; உண்மையான போவாக்கள் பெரும்பாலும் குட்டி போடும், இது முட்டையிடும். மலைப்பாம்புக்கு வாலடியில் பின்னங்கால் மிச்சமாகச் சிறு நகம் இருக்குமே, அதுவும் இதற்கு இல்லை.

முயலால் பாம்பு அழியப் பார்த்தது என்று படித்தேன். முயல் புல் தின்கிற பிராணி, பாம்பை என்ன செய்யும்?

நல்ல கேள்வி தம்பி. பாம்பை ஒன்றும் செய்யாது. பாம்பின் வீட்டைத் தின்றுவிடும்.

19ஆம் நூற்றாண்டில் இந்தத் தீவில் ஆட்டையும் முயலையும் கொண்டுவந்து விட்டார்கள். லட்டானியா என்றொரு விசிறிப்பனை அங்கே அடர்ந்து நின்றது. அதன் காவோலைக்கு அடியிலும் மட்டை இடுக்கிலும்தான் பல்லிகளும் பாம்பும் குடியிருக்கும். பழைய மரங்கள் நின்றன, ஆனால் முளைத்த கன்று ஒன்றையும் முயல் விட்டுவைக்கவில்லை. வேர்ப்பிடிப்பு போனதும் மழை மண்ணைக் கடலுக்கு அடித்துக்கொண்டு போய்விட்டது. மண்ணுக்குள் புதைந்து வாழ்ந்த இன்னொரு போவா இதே தீவில் இருந்தது. 1975-க்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை.

1979-இல் ஆடுகளையும் 1986-இல் முயல்களையும் அடியோடு ஒழித்தார்கள். பனங்கன்று தலைதூக்கியது, பல்லி பெருகியது, பாம்பும் பெருகியது. இயற்கை ஆர்வலரும் எழுத்தாளருமான ஜெரால்ட் டரல் ஜெர்சி தீவில் நிறுவிய உயிரியல் பூங்காவில் இவற்றை வளர்த்து முட்டை பொரிக்க வைத்ததுதான் வெளியே அதிகம் பேசப்படுகிறது. அதுவும் பெரிய வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் பாம்பைக் காப்பாற்றியது எது என்று கேட்டால், முயலை ஒழித்தது என்றுதான் சொல்வேன்.

எலி அந்தத் தீவில் கால்வைக்காததும் அதிர்ஷ்டம். மொரீஷியஸ் பெருந்தீவிலும் ஒருகாலத்தில் இந்தப் பாம்பு இருந்தது, எலும்புகள் கிடைத்திருக்கின்றன. கப்பலேறி வந்த எலிக்குப் பிறகு அங்கே இல்லை.

ஆரஞ்சு நிறத்தில் ஒரு படம் பார்த்தேன். அது வேறு இனமா?

அதே இனத்துக் குட்டி. வளர வளரப் பழுப்பும் சாம்பலுமாக மாறிவிடும்.

ஒரே தீவில் வைத்திருப்பது ஆபத்து இல்லையா?

ஆபத்துதான். அதனால் 2012-இல் சிலவற்றைப் பக்கத்துக் கன்னர்ஸ் காயின் தீவுக்கு மாற்றினார்கள். அங்கே எலியை முன்பே ஒழித்தாகிவிட்டது. பாம்பை விடுவதற்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே ரவுண்ட் தீவு அரணைகளையும் அங்கே குடியேற்றிவிட்டார்கள். சாப்பாட்டை அனுப்பிவிட்டுத்தான் விருந்தாளியை அனுப்பினார்கள்!

மொரீஷியஸ் போகிறேன், அண்ணா. பார்க்க முடியுமா?

படகிலிருந்து தீவைப் பார்க்கலாம், இறங்க முடியாது. அனுமதி பெற்ற ஆய்வாளர்களும் காவலர்களும் மட்டும்தான் போகலாம். அவர்களுடைய பையைக்கூட விதை, எறும்பு ஒட்டியிருக்கிறதா என்று சோதித்துத்தான் விடுவார்கள்.

மொரீஷியஸில் என் சித்தி வீட்டுச் சுவரில் ஒரு பாம்பு வந்ததாம். இதுவாக இருக்குமா?

இருக்காதும்மா. அது பெரும்பாலும் ஆசியாவிலிருந்து வந்து சேர்ந்த ஓநாய்ப்பாம்பாக இருக்கும். சுவர் ஏறிப் பல்லி பிடிக்கும். அதற்கும் விஷம் இல்லை, அடிக்க வேண்டாம் என்று சித்தியிடம் சொல்லுங்கள்.