பப்மெட்டில் குவியும் முடிவுகளில் வேண்டியதைப் பொறுக்குவது எப்படி?

மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் இணையதளமான பப்மெட்டில் ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் வந்தால் எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். முடிவுகள் இயல்பாகப் பொருத்தத்தின்படி வரிசைப்படும். புதியவை முன்னால் வேண்டுமென்றால் தேதிவாரியாக மாற்றிக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு 10 என்றிருப்பதை 200 வரை கூட்டலாம்.

இடப்பக்க வடிகட்டியில் ‘சிஸ்டமேடிக் ரிவ்யூ’வை (ஒரு கேள்வி குறித்த ஆய்வுகளை முறையாகத் திரட்டி அலசும் கட்டுரை வகை) டிக் செய்தால் கூட்டம் வெகுவாகக் குறையும். ஆனால் அண்மையில் வந்து இன்னும் வகைப்படுத்தப்படாத கட்டுரைகள் அதில் விடுபடக்கூடும், கவனம். தலைப்பை மட்டும் நம்பாதீர்கள். ‘அப்ஸ்ட்ராக்ட்’ காட்சிக்கு மாற்றி, எத்தனை பேரிடம், எந்த முறையில் ஆய்வு நடந்தது என்று பாருங்கள். அதைச் சொல்லாத சுருக்கத்தை நான் பெரும்பாலும் தள்ளிவிடுவேன்.

தேறியவற்றை டிக் செய்து பப்மெட்டின் தற்காலிகச் சேமிப்பிடமான ‘கிளிப்போர்டு’க்கு அனுப்புங்கள். 500 வரை கொள்ளும். ஆனால் 8 மணி நேரம் தொடாமல் விட்டால் அழிந்துவிடும். பப்மெட்டில் உள்நுழையக் கணக்கு இருந்தால், அதிலேயே சேமித்துவைக்கும் ‘கலெக்‌ஷன்ஸ்’தான் பத்திரம்.