நாற்காலியில் குவியும் துணி

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். மகள் எட்டாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு. மாமியாரும் எங்களோடு இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் துணியிலேயே போய்விடுகிறது. மூன்று முறை மெஷின் ஓட்டுகிறேன். காய்ந்த துணி ஹாலில் ஒரு நாற்காலியில் மலையாகக் கிடக்கிறது. காலையில் அதிலிருந்து உருவித்தான் எல்லோரும் போட்டுக்கொள்கிறார்கள். மழை வந்தால் ஒரே வாடை. போர் தண்ணீரில் துண்டெல்லாம் அப்பளமாக விறைக்கிறது. கையால் துவைத்தால்தான் அழுக்குப் போகும் என்று மாமியார் தினமும் சொல்கிறார். டிரையர் வாங்கிவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மடிப்பாக்கம், சென்னை

பதில்: அந்த நாற்காலி எங்கள் வீட்டிலும் இருந்தது. பிரம்பு நாற்காலி. யாராவது வருகிறார்கள் என்றால் துணியை அப்படியே அள்ளிக் கட்டிலில் போட்டுக் கதவைச் சாத்துவேன். ராத்திரி படுக்கும்போது மறுபடி நாற்காலிக்கு. மடித்து அலமாரியில் வைக்க எடுத்திருக்க வேண்டிய நேரத்தைவிட, அதைத் தூக்கிக்கொண்டு அலைந்த நேரம் அதிகம்.

டிரையர் கேள்விக்கு அப்புறம் வருகிறேன். முதலில் நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றைக் கேட்கிறேன்: உங்கள் கொடி எத்தனை அடி?

மெஷின் எத்தனை கிலோ என்று கேட்டு வாங்குகிறோம். கொடி எத்தனை துணி தாங்கும் என்று யாரும் பார்ப்பதில்லை. பால்கனியில் கயிறு இழுத்து ஏற்றி இறக்குகிற கம்பிகள் நாலு, ஒவ்வொன்றும் ஆறடி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 24 அடி. ஒரு சட்டையை விரித்துப் போட ஒன்றரை அடி வேண்டும். ஆக, 16 சட்டைதான். நீங்களோ ஒரே நாளில் மூன்று லோடு துவைக்கிறீர்கள். இடமில்லாமல் ஒன்றின் மேல் ஒன்றாகப் போடுகிறீர்கள், அது காயாமல் கிடக்கிறது, பாதி ஈரத்தில் எடுத்து நாற்காலியில் போடுகிறீர்கள். வாடையும் அங்கிருந்துதான் வருகிறது, மலையும் அங்கிருந்துதான் வளர்கிறது.

அதனால் ஞாயிற்றுக்கிழமைத் துவையலை நிறுத்துங்கள். கொடி கொள்கிற அளவுக்குத் தினமும் ஒரு லோடு போதும். இரவில் துணியைப் போட்டு வைத்து, உங்கள் மெஷினில் டிலே பட்டன் இருந்தால் காலை ஐந்தரைக்கு முடிகிற மாதிரி வைத்துவிடுங்கள். துவைத்து முடித்த துணி மெஷினுக்குள்ளேயே மணிக்கணக்கில் கிடக்கக் கூடாது. சட்டை, குர்தா எல்லாவற்றையும் கொடியில் விரிக்காமல் ஹேங்கரில் மாட்டித் தொங்கவிடுங்கள். அரையடிக்கு ஒன்று என்றாலும் அதே 24 அடியில் 48 துணி வரும். பெட்ஷீட்டுக்கு மட்டும் சனிக்கிழமையை ஒதுக்குங்கள், அதுவும் மொட்டை மாடியில். ஜீன்ஸை ஒருமுறை போட்டதும் கூடையில் எறிகிற பழக்கம் பிள்ளைகளுக்கு இருந்தால் அதையும் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு ஜீன்ஸ் இரண்டு மூன்று சட்டை எடைக்குச் சமம்.

அந்த வாடையைப் பற்றி ஒரு விஷயம். மொராக்செல்லா என்ற வகை பாக்டீரியாதான் ஈரத்துணி நாற்றத்துக்கு முக்கியக் காரணம் என்று 2012-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். துணி காய்ந்தாலும் அது சாகாது. அதனால்தான் நன்றாகக் காய்ந்த துண்டுகூட முகம் துடைத்த அடுத்த நிமிஷம் நாறுகிறது. கம்ஃபர்ட் மாதிரி வாசனைத் திரவத்தை ஊற்றினால் மேலே மணக்கும், கிருமி உள்ளேயே இருக்கும். போதாததற்குத் துண்டு தண்ணீர் உறிஞ்சுவதும் குறையும். பருத்தித் துண்டுகளை மாதம் ஒருமுறை கை பொறுக்காத சுடுதண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்துத் துவையுங்கள். சாயம் போகிற துண்டை மட்டும் தனியாக.

விறைப்புக்குக் காரணம் போர் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும். கட்டி சோப்பு இவற்றோடு சேர்ந்து கரையாத பிசுக்காகித் துணியிலேயே தங்கும். திரவ டிடர்ஜென்ட் இந்தத் தண்ணீருக்குப் பரவாயில்லை. அலசலை ஒருமுறை கூட்டுங்கள். கொடியில் போடும் முன் துண்டை இரண்டு முனையும் பிடித்துப் பலமாக நாலு உதறு உதறுங்கள். பக்கத்து பால்கனிக்குச் சத்தம் கேட்க வேண்டும். பாதி விறைப்பு அதிலேயே போய்விடும்.

மாமியார் சொல்வதை முழுசாகத் தள்ளாதீர்கள். காலர், கை மடிப்பு, சாக்ஸின் அடிப்பாகம், மகனுடைய யூனிஃபார்ம் பேன்ட்டின் முட்டி, இவையெல்லாம் மெஷினுக்குப் போகும் முன் இரண்டு நிமிஷம் கையால் கசக்க வேண்டியவைதான். மற்றதற்கு மெஷின் போதும். கறை எடுப்பதில் அவருக்குத் தெரிந்தது உங்களுக்கும் எனக்கும் தெரியாது, கேளுங்கள். வெள்ளைச் சட்டையில் சாம்பார் கொட்டி, சோப்பு போட்டதும் மஞ்சள் கறை ரத்தச் சிவப்பாக மாறினால் பயப்படாதீர்கள். சோப்பின் காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும், அவ்வளவுதான். அலசி நேர் வெயிலில் போடுங்கள், இரண்டு மூன்று நாளில் வெளுத்துவிடும். ரத்தக் கறைக்கு மட்டும் சுடுதண்ணீர் கூடவே கூடாது, கறை அப்படியே பிடித்துக்கொள்ளும். உடனே பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். இதை மகளுக்கு இப்போதே சொல்லிக்கொடுங்கள், வெட்கப்பட்டு ஒளித்து வைக்காமல் இருப்பாள். அப்படியே மகனும் கேட்டுக்கொண்டிருக்கட்டும், முட்டியில் அடிபடாத பையன் உண்டா?

சரி, எனக்கு முக்கியமாகப் பட்டதற்கு வருகிறேன். கடிதம் முழுக்க 'ஓட்டுகிறேன்' என்று நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள். கணவர் முதல் வரியில் வேலைக்குப் போனவர், திரும்பி வரவே இல்லை!

என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். கல்யாணமான புதிதில் என் கணவர் ஒருநாள் தானாகவே துவைக்க உட்கார்ந்தார். புது அரக்குச் சுங்குடிச் சேலையையும் தன் வெள்ளை வேட்டியையும் ஒரே பக்கெட்டில் ஊறவைத்துவிட்டார். வேட்டி ரோஸ் நிறத்தில் வந்தது. "நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், விடுங்க" என்று பிடுங்கிக்கொண்டேன். அன்று விட்டவர்தான். பதினோரு வருஷம் கொடிப்பக்கமே வரவில்லை. ஒரு வேட்டி போனால் போகிறது என்று விட்டிருக்கலாம்.

அதனால் உங்கள் கணவரிடம் "கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க" என்று கேட்காதீர்கள். மெஷினிலிருந்து எடுப்பதில் தொடங்கி, உலர்த்தி, எடுத்து, மடித்து, இஸ்திரிக்காரரிடம் கொடுத்து வாங்குவது வரை அவர் பொறுப்பு. போடுவது உங்கள் பொறுப்பு. சட்டையை அவர் கோணலாக மடித்தால் போய்த் திருத்தாதீர்கள். மடித்த துணி ஆளுக்கொரு கூடையில் போகட்டும், அலமாரியில் அடுக்குவது அவரவர் வேலை. மூன்றாம் வகுப்புப் பையன் சாக்ஸ் ஜோடி சேர்ப்பான், அது அவனுக்கு விளையாட்டு. நாற்காலியை ஒரு மாதத்துக்கு ஹாலிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

டிரையரா? இந்த ஐப்பசி, கார்த்திகை வரை பொறுங்கள். மழை நாளில் துணியை மெஷினில் இன்னொரு முறை ஸ்பின் மட்டும் ஓட்டி, இடைவெளி விட்டு மாட்டி, ஃபேனுக்கு அடியில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் காலைக்குள் காய்ந்துவிடும். டிரையர் ஒரு முழு லோடுக்கு மூன்று, நாலு யூனிட் வரை இழுக்கும். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணம் எப்படி எகிறும் என்று உங்களுக்கே தெரியும். அதற்குப் பிறகும் சமாளிக்க முடியவில்லை என்றால் வாங்குங்கள், தப்பில்லை.

கிளிப் வாங்கும்போது ஸ்டீலாகப் பார்த்து வாங்குங்கள். பிளாஸ்டிக் கிளிப் நம் வெயிலுக்கு ஒரு கோடைகூடத் தாங்காது, கைபட்டாலே முறிந்து கீழ்வீட்டு பால்கனியில் விழும்.