அக்கி ஏன் ஒரு பக்கத்தோடு நிற்கிறது?

கேள்வி: என் அம்மாவுக்கு வலது விலாவில் பட்டையாகக் கொப்புளங்கள். அக்கி என்றார் டாக்டர். சின்ன வயதில் வந்த சின்னம்மையின் வைரஸ்தானாம். அப்படியானால் ஏன் உடம்பு முழுக்கப் பரவவில்லை? இரண்டு முனையும் சேர்ந்து உடம்பைச் சுற்றிவிட்டால் உயிருக்கே ஆபத்து என்கிறார்களே?

பதில்: அம்மா வலியில் துடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது கஷ்டம்தான். முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். முனைகள் சேர்ந்தால் உயிர் போகும் என்பது உண்மையில்லை. அப்படிச் சேர்வதே அபூர்வம்.

சின்னம்மையின்போது வைரஸ் ரத்தத்தோடு ஓடியது. அதனால்தான் உடம்பெங்கும் கொப்புளம். அப்புறம் முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பதுங்கிவிட்டது. பல வருடம் கழித்து எதிர்ப்பு சக்தி தளரும்போது ஏதோ ஒரு முடிச்சில் விழித்து, அந்த நரம்பு வழியாகவே தோலுக்கு வருகிறது. ஒரு நரம்புக்குத் தோலில் ஒரு பட்டை அளவு இடம்தான் சொந்தம். வலப்பக்க நரம்பின் எல்லை உடம்பின் நடுக்கோட்டோடு முடிந்துவிடும்.

தோலுக்கு வந்தபின்னும் அது இஷ்டத்துக்கு ஓட முடியாது. செல்கள் நெருக்கமாக ஒட்டியிருப்பதால், அடுத்த செல், அதற்கடுத்த செல் என்றுதான் நகர வேண்டும். அதற்குள் தாக்கப்பட்ட செல்கள் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை வெளியிட்டு அக்கம்பக்கத்தை உஷார்ப்படுத்துகின்றன. 1957-இல் கண்டுபிடிக்கப்பட்ட பொருள் இது.

இட நெருக்கடி வைரஸை எப்படிக் கட்டிப்போடுகிறது என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று உண்டு. 1952-இல் ரெனாட்டோ டல்பெக்கோ என்ற வைரஸ் ஆய்வாளர், தட்டில் வளர்த்த செல்களில் வைரஸைச் சேர்த்து, மேலே அகார் என்ற கடற்பாசிக் கூழை ஊற்றினார். வெறும் திரவமாக இருந்தால் வைரஸ் மிதந்து தட்டு முழுக்கப் போய்விடும். கூழுக்கு அடியில் பக்கத்துச் செல்களை மட்டுமே பிடிக்க முடிந்ததால், செல்கள் செத்த இடங்கள் தனித்தனி வட்டங்களாகத் தெரிந்தன. வைரஸ் அதேதான், வழிதான் அடைபட்டது.

சரி, அம்மாவுக்கு வருவோம். வைரஸ் மருந்தைக் கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. நெற்றியிலோ, கண்ணருகிலோ, மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். பட்டையை விட்டு வேறு இடங்களிலும் சிதறினாற்போல் வந்தால், வைரஸ் மறுபடி ரத்தத்தில் ஏறியிருக்கலாம். எதிர்ப்பு சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கு அப்படி ஆகும், தாமதிக்காதீர்கள். காய்ந்து பொருக்கு தட்டும்வரை கொப்புளங்களை மூடி வையுங்கள். சின்னம்மை வராத கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் அதுவரை அருகில் வர வேண்டாம்.