பெடியளோடு ஆழ்பனியில் கூடாரம் என்றால்

அண்ணா, வெள்ளவத்தைப் பெடியளோடு முழங்கால் ஆழப் பனியில் கூடாரம் அடிக்க இடம் கேட்டிருந்தீர்கள். நுவரெலியாவில் உறைபனி மட்டும்தான், அதனால் இந்தியாவின் உத்தராகண்டில் இருக்கிற கேதார்கந்தா மலையைப் பாருங்கள். டெல்லிக்கு விமானம், அப்புறம் டேராடூன் வழியாக சாங்க்ரி கிராமம், அங்கிருந்து நடை. ஜனவரி, பெப்ரவரி நல்லது. உச்சி ஏறக்குறைய 3,800 மீட்டர், கடற்கரையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த உயரத்தில் தலையிடி, வாந்தி வரலாம், கூடினால் உடனே கீழே இறக்குங்கள், உச்சி எங்கேயும் ஓடாது.

கூடாரம் அடிக்க முன் அந்த இடத்தைச் சப்பாத்தால் மிதித்து அரை மணித்தியாலம் இறுக விடுங்கள். சாதாரண முளை நிற்காது, பையில் பனியை நிரப்பிக் கயிற்றோடு புதைத்தால்தான் பிடிக்கும். பனிச்சரிவு விழக்கூடிய செங்குத்துச் சரிவுக்குக் கீழே ஒருக்காலும் வேண்டாம். இந்தியா போக முன் இங்கே ஹோட்டன் சமவெளியில் ஒரு இரவு பழக்கிப் பாருங்கள், வனசீவராசிகள் திணைக்களத்தில் அனுமதி எடுக்கவேண்டும், சரியா?